இல்லாத நாளின் முத்திரை

எஃகுத் துண்டு அசைய மறுத்தது.

மாலாகி சாமணத்தை மாற்றிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் நெம்பினான். தேதி முத்திரைச் சுத்தியலின் முகத்தில், வட்டத்துக்கு நடுவே, அரிசிமணி அளவில் துண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நாள், மாதம், வருஷம், மணி. அதில் ‘31’ மட்டும் பிசின் வைத்து ஒட்டினமாதிரி பிடிவாதம் பிடித்தது.

துறையில் தபால் படகு இரண்டாவது முறை ஊதியது. மூன்றாவது ஊதலுக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் அறுநூற்று நாற்பது உறைகளிலும் முத்திரை விழுந்து, கட்டு கட்டி, சாக்கில் போட்டு, அரக்கு வைத்து ஏற்றியாக வேண்டும். இந்தப் படகை விட்டால் அடுத்தது ஜனவரியில்தான்.

துண்டு ‘டிக்’கென்று எகிறி மேசைக்கடியில் உருண்டது. அவன் குனிந்து தேடவில்லை. டப்பாவிலிருந்து ‘30’ஐ எடுத்து அந்தக் குழியில் அழுத்தினான். மை தடவி, கழிவுக் காகிதத்தில் ஒரு குத்து.

லௌமுவா. 30 டிசம்பர் 2011. காலை 9.

சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதல் உறையை இழுத்தான். உறையின் மூலையில் புதுத் தபால்தலை. நீலக் கடல், கருத்த பாறை, பாறை உச்சியில் பல்லைப் போல ஒரு சின்ன வெள்ளைக் கோயில். டொக். அடுத்தது. டொக். பதினெட்டு வருஷ அனுபவம். கை தானாக ஓடும். மனசு எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்றைக்கு அது எங்கேயும் போகாமல் அந்த முப்பது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

இருபது உறை முடிந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் கனத்த மூச்சுச் சத்தம். திரும்பாமலே தெரிந்தது. நூற்று முப்பது கிலோ எடையோடு சத்தமில்லாமல் நடக்கக்கூடியவர் லௌமுவாவில் ஒருவர்தான். தபால் அதிகாரி அலாபதி.

“டேய் மாலாகி. அது என்னடா தேதி?”

“முப்பது, அண்ணே.”

“முப்பது எங்கடா இருக்கு? வியாழக்கிழமை ராத்திரி படுத்தா சனிக்கிழமை காலையிலதான் எழுந்திருக்கணும்னு மந்திரியே ரேடியோவுல சொல்லிட்டாரு. நடுவுல ஒரு வெள்ளிக்கிழமையைச் செருக நீ யாரு?”

அந்த டிசம்பரில் தீவே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது நியூசிலாந்துக்காரன் திங்கள்கிழமைக் கடையைத் திறந்துவிடுகிறான். வியாபாரம் எப்படி நடக்கும்? அதனால் சமோவாக்காரர்களோடு சேர்ந்து லௌமுவாவும் தேதிக்கோட்டைத் தாண்டிக் குதிக்கப் போகிறது. இருபத்தொன்பதாம் தேதி முடிந்ததும் முப்பத்தொன்று. முப்பது என்று ஒரு நாள் இந்த வருஷம் தீவுக்கு வராது. படகோட்டி செமிசி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: “என் பிறந்தநாள் முப்பது. எனக்கு இந்த வருஷம் வயசே ஏறாது. பொண்ணு இருந்தா சொல்லுங்க.”

மாலாகி சுத்தியலைக் கீழே வைத்தான். இந்த இடத்தில் வாய் குழறினால் எல்லாம் போச்சு.

“அதுதான் அண்ணே விசேஷம். உலகத்துல எவன்கிட்டயும் இல்லாத தேதி. நம்ம தீவுக்கு வராத நாள்ல நம்ம தீவு முத்திரை. சேகரிக்கிறவன் இதைப் பார்த்துட்டுச் சும்மா இருப்பானா? ஒண்ணு வாங்குறவன் பத்து வாங்குவான்.”

அலாபதி ஒரு உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கன்னம் மெதுவாக விரிந்தது.

“சனிக்கிழமை கௌண்டர்ல குத்தறதுக்கும்?”

“அதுக்கும் இதே தேதி. முப்பத்தொண்ணுன்னு ஒரு உறைகூட வெளியில போகக்கூடாது. கலந்தா மதிப்புப் போயிடும்.”

“இதை யோசிச்சது யாரு?”

“நான்தான்.”

“இல்லை. நான்.”

“சரி அண்ணே. நீங்கதான்.”

“வெளியில மூச்சு விடாதே. வீட்டுல எசெத்தாகிட்டகூட. அவகிட்ட சொன்னா மாதர் சங்கத்துல சொன்ன மாதிரி. சமோவாக்காரன் காதுக்குப் போச்சுன்னா நமக்கு முன்னாடி அவன் குத்திடுவான்.” வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். “உன் பழைய பைத்தியம் இல்லையே இது?”

“எந்தப் பைத்தியம் அண்ணே?”

அலாபதி ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

டொக். டொக். டொக்.

*

அந்தப் பைத்தியம் 2004-இல் ஆரம்பித்தது.

தீவின் அடையாளங்களைப் படம் போட்டுத் தபால்தலை வெளியிடுவதென்று தலைநகரில் ஒரு குழு முடிவு செய்தது. முதலாவதாக வடக்குத் திட்டில் இருந்த கல் கலங்கரை விளக்கம். வெளிநாட்டு ஆர்டர்களை எல்லாம் மாலாகி இரண்டு வாரம் முன்கூட்டியே குத்தி அனுப்பினான். இங்கே அதுதான் வழக்கம். படகு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வெளியீட்டு நாள்வரை காத்திருந்தால் உறை போய்ச் சேர்வதற்குள் வாங்குகிறவனுக்கு மீசை நரைத்துவிடும். அதனால் வரப்போகும் தேதியைச் சுத்தியலில் வைத்து முன்னாடியே குத்திவிடுவார்கள்.

வெளியீட்டு நாள். காலை ஒன்பது மணி. இலைகூட அசையாத வானிலை. கலங்கரை விளக்கம் இல்லை.

இடிந்து விழுந்தது என்றுதான் அரசாங்கம் எழுதிக்கொண்டது. விழுந்தால் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கல் கிடைத்திருக்க வேண்டும். மூழ்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு செங்கல் அளவுகூட அகப்படவில்லை. நீரோட்டம் கொண்டுபோய்விட்டதாம். வலை பார்க்கப் படகில் இறங்கியதால் பிழைத்த விளக்குக் காவலாளி மட்டும் வேறு கதை சொன்னார். “விடிஞ்சதுலேருந்து சுவருக்குள்ள யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்க. எலின்னு நெனச்சேன். எலி அப்படித் தாளம் போடாது. ஒம்போது மணிக்கு நின்னுது. திரும்பிப் பார்த்தேன். வெறும் கடல்.”

2007-இல் ஊர்ச்சபை கூடும் பெரிய ஆலமரம். அதுவும் வெளியீட்டு நாளன்று ஒன்பது மணிக்குத்தான். கரையான் என்றார்கள். மரம் நின்ற இடத்தில் கிண்ணம் போல வழவழப்பாக ஒரு பள்ளம். ஒரு வேர்கூட இல்லை. அடியில் கட்டியிருந்த குதிரையும் இல்லை. குதிரையைக் கரையான் தின்குமா என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் இதைச் சிரிப்பாக்கிக்கொண்டது. கௌண்டருக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேண்டுகோள்: “மாலாகி, என் மாமியார் வீட்டை ஒரு ஸ்டாம்புல போட முடியுமா?”

2009-இல் ஆற்றுப்பாலம். அப்போது ‘9’ என்ற மணித்துண்டு உடைந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் ‘பிற்பகல் 2’ வைத்துக் குத்தினான். வெளியீட்டு நாளன்று காலை ஒன்பது மணிக்கு மாலாகி பாலத்தருகே போய் நின்றான். ஒன்பது ஆனது. பத்து ஆனது. பாலம் அப்படியே இருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பினான்.

இரண்டு மணிக்குப் பாலம் போனது. பன்றி ஏற்றி வந்த லாரியும் அதை ஓட்டி வந்த தாவிலியும் போனார்கள். தாவிலி அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சவப்பெட்டியில் வைக்கக்கூட எதுவும் கிடைக்கவில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மடித்து வைத்து அடக்கம் செய்தார்கள்.

அன்றைக்குத்தான் மாலாகிக்குப் புரிந்தது. அவன் எப்போது குத்துகிறான் என்பது கணக்கில்லை. முத்திரை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. முதலில் விழுகிற முத்திரையில் எந்த நாள், எந்த மணி என்று இருக்கிறதோ, அந்த நாள், அந்த மணி.

அலாபதியிடம் சொன்னான். குடியைக் குறைக்கச் சொன்னார். அவன் குடிப்பதே இல்லை. குழுவுக்கு எழுதினான். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது.

*

இந்த டிசம்பர் ஒன்பதாம் தேதி புதுப்பெட்டி வந்து இறங்கியது. தேதிக்கோட்டைத் தாண்டுவதன் நினைவாகச் சிறப்பு வெளியீடு. முதல் நாள்: 31 டிசம்பர், சனிக்கிழமை. மூடியைத் திறந்தவன் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

பலாகிப் பாறைக் கோயில்.

லௌமுவாவுக்கும் கிழக்கே அமெரிக்கர்கள் ஆளும் தீவுக்கும் நடுக்கடலில், இங்கிருந்து படகில் ஒரு மணி நேரத் தூரத்தில் நிற்கிறது பலாகிப் பாறை. கோயிலை இரண்டு தீவுக்காரர்களும் சேர்ந்துதான் கட்டினார்கள். பாறை யாருடையது என்பதில் மட்டும் அறுபது வருஷமாகச் சண்டை. இவர்கள் அங்கே வலை போட்டால் அவர்கள் கத்துவார்கள்; அவர்கள் போட்டால் இவர்கள் கல்லெறிவார்கள். சண்டையில்லாமல் நடக்கும் ஒரே காரியம் வெள்ளையடிப்பு. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முப்பதாம் தேதி லௌமுவா மாதர் சங்கம் பவளச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு போய்க் கோயிலுக்கு உள்ளும் புறமும் பூசிவிட்டு வரும். எழுபது வருஷத்தில் ஒருதரம்கூடத் தவறியதில்லை. புயல் வருஷத்தில்கூடப் போனார்கள்.

மாதர் சங்கத்தின் தலைவி எசெத்தா. மாலாகியின் மனைவி.

அன்று மாலை அவள் முற்றத்தில் உட்கார்ந்து சீமைப்பலாவைச் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மாலாகி பைபிளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

“என்ன, யாராவது செத்துட்டாங்களா?” என்றாள்.

“முப்பத்தொண்ணாம் தேதி நீ அந்தப் பாறையில கால் வைக்கக்கூடாது. இதுமேல கை வச்சுச் சொல்லு.”

“ஓகோ. ஸ்டாம்பு வந்திடுச்சா?” அவள் சிரிக்கவில்லை; ஆனால் சிரிப்பு கண்ணில் இருந்தது. “உன் சுத்தியலுக்கு ஆனாலும் இவ்வளவு திமிர் ஆகாது மாலாகி. கடவுள் வீட்டையே காலி பண்ணிடுமா?”

“தாவிலி போனான்.”

அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு, கரி படிந்த விரல்களைப் பைபிள்மேல் வைத்தாள். “முப்பத்தொண்ணாம் தேதி, அது முடியுற வரைக்கும், பலாகிப் பாறையில என் கால் படாது. போதுமா? நான் சொன்னா சொன்னதுதான். உன்னைக் கட்டிக்கறேன்னு சொல்லிட்டுக் கட்டிக்கலையா, எல்லாரும் வேண்டாம்னப்ப?”

“போதும்.”

“எங்களுக்கு முப்பதுதானே சுண்ணாம்பு நாள்? அதைத்தான் இந்த வருஷம் உங்க சர்க்காரு முழுங்கிட்டுதே. என்ன பண்றதுன்னு போதகரைத்தான் கேக்கணும்.”

“இல்லாத நாளுக்கு எதுக்குச் சுண்ணாம்பு? அடுத்த மாசம் அடிச்சுக்கலாம்.”

“எழுபது வருஷம்,” என்றாள் எசெத்தா. சீமைப்பலாவை இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவனிடம் நீட்டினாள்.

சத்தியம் ஒருத்திக்குத்தான். வருஷக் கடைசி நாளில் பாறைக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிற மற்றவர்களை என்ன செய்வது? ஒவ்வொரு வீட்டுக்கும் பைபிளைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? மாலாகி மூன்று ராத்திரி தூங்கவில்லை. தபால்தலைகளை எரித்துவிடலாம்; அடுத்த படகில் இன்னொரு பெட்டி வரும். அவன் குத்தமாட்டேன் என்றால் அலாபதி குத்துவார். நாலாவது நாள் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, தூரத்துத் தோப்பிலிருந்து செமிசியின் குரல் கேட்டது. “எனக்கு வயசே ஏறாதுடா.”

பல்குச்சி வாயிலேயே நின்றது.

முத்திரை சொல்கிற நாளில்தான் நடக்கும். சரி. அந்த நாளே வராவிட்டால்?

*

மூன்றாவது ஊதலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சாக்கு படகில் ஏறியது. அறுநூற்று நாற்பது உறைகள், அறுநூற்று நாற்பது முப்பதுகள். மாலாகி துறையில் நின்று அந்தப் படகு புள்ளியாகும்வரை பார்த்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அன்று மதியம் சாப்பாடு ருசித்தது.

எசெத்தாவிடம் சொல்லவில்லை. அலாபதி தடுத்ததால் மட்டும் இல்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? சிரிப்பாள். ஆபத்துதான் தீர்ந்துவிட்டதே.

அந்த வாரத்தில் நாள் தாண்டுவது பற்றிய அரசிதழ் வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பிரதிகள், எட்டு எட்டுப் பக்கம். ஊர்த்தலைவர்கள், போதகர்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாருக்கும் மாலாகிதான் முகவரி பார்த்து அனுப்பினான். ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை. தபால்காரன் உறையைத்தான் படிப்பான்.

இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி ஊரெல்லாம் மணி அடித்து, பாட்டுப் பாடி, வெள்ளிக்கிழமையை வழியனுப்பினார்கள். மாலாகியும் கூட்டத்தோடு நின்று கத்தினான். போ, வராதே, அப்படியே போ.

சனிக்கிழமை. எசெத்தா போர்வைக்குள் இருக்கும்போதே, இருட்டிலேயே எழுந்து, மடித்து வைத்த புது லாவலாவாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டான். கௌண்டருக்குப் பூமாலை கட்டியிருந்தார்கள். எட்டரைக்கே வரிசை துறைவரைக்கும் நீண்டிருந்தது. அலாபதி வெள்ளைக் கோட்டில் கப்பல் போல நடமாடிக்கொண்டிருந்தார். “இல்லாத நாளின் முத்திரை. என் யோசனை,” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டே முக்காலுக்குச் செமிசி வரிசையை வெட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பின்னாலிருந்து நாலு பேர் திட்டினார்கள்.

“மச்சான், எனக்கு ரெண்டு உறை எடுத்து வை. முப்பதாம் தேதி போட்டிருக்காமே. என் பிறந்தநாள். எனக்கில்லாமலா?”

அவன் நீட்டிய கை முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தது. காய்ந்து, வெடித்து, செதிலாக உதிர்ந்தது.

“கையில என்னடா?”

“சுண்ணாம்பு. விடியறதுக்குள்ள உன் வீட்டம்மா ஆறு மூட்டை ஏத்த வச்சுட்டா. முதுகு போச்சு. அந்தப் பொம்பளை கப்பல் கம்பெனி நடத்த வேண்டியவ.”

மாலாகியின் கையிலிருந்த உறை கௌண்டரில் விழுந்தது. “எங்கே இறக்கினே?”

“பலாகியிலதான், வேற எங்கே? பதினோரு பேரு. மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போன்னாங்க. நான் நேரா இங்கதான் ஓடி வர்றேன்.”

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். முத்திரையில் முப்பது. முப்பது வரவில்லை, இனி வரவும் வராது. கோயில் இருக்கும், பாறை இருக்கும், பதினோரு பேரும் இருப்பார்கள்.

பயம் இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. கோபம். பைபிள்மேல் கை வைத்தாளே. தாவிலியின் பெயரைக் கேட்டுவிட்டு வைத்தாளே. இருபது வருஷத்தில் எசெத்தா அவனிடம் பொய் சொன்னதில்லை. கத்துவாள், கிண்டல் பண்ணுவாள், ரெண்டு நாள் பேசாமல் இருப்பாள். பொய் மட்டும் கிடையாது.

“அவகிட்ட ரேடியோ இருக்கா?”

“என் கைரேடியோவைக் குடுத்துட்டுத்தான் வந்தேன். என்ன மச்சான், முகம் ஏன் இப்படி ஆகுது?”

தபால் படகோடு பேசும் ரேடியோ உள்ளறையில் இருந்தது. மாலாகி கௌண்டரை விட்டு எழுந்தான். அலாபதி பின்னாலிருந்து, “டேய், ஒம்போது மணிக்கு முதல் குத்து, எங்கடா போறே?” என்று கேட்டது காதில் விழுந்தது. சுவர்க்கடிகாரத்தில் எட்டு ஐம்பத்து மூன்று.

மூன்று தரம் கூப்பிட்டான். நாலாவதில் கரகரப்புக்கு நடுவே பெண்களின் பாட்டுச் சத்தம் வந்தது. வாளியின் ஒலி. பிறகு எசெத்தா.

“யாரு, மாலாகியா? பாதி ஆயிடுச்சு. உள்சுவர் முடிஞ்சா சாப்பாடுதான். இலைக்கட்டு உனக்கு நாலு எடுத்து வச்சிருக்கேன், வீட்டு அடுப்புப் பக்கம். எறும்பு ஏறுறதுக்குள்ள போய்த் தின்னு.”

“எசெத்தா, நீ எங்க நிக்கறே?”

“கோயிலுக்குள்ளதான். ஏன் குரல் இப்படி இருக்கு? கல்யாணத்தன்னைக்கு மாதிரி.”

“பைபிள்மேல கை வச்சியே.”

“வச்சேன். இரு, ஒண்ணு கேக்கறேன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இந்தக் கோயில்ல எலி உண்டா?”

மாலாகி ரேடியோவின் ஒலியைக் கூட்டினான்.

“காலையில வந்து இறங்கினதிலேருந்து சுவருக்குள்ள தட்டுது. லூசியா எலிங்கறா. எனக்கென்னவோ எலி மாதிரித் தெரியலை. நீ சாயங்காலம் உக்காந்து குத்துவியே, அந்த மாதிரி. நிறுத்தாம. டொக், டொக், டொக்குன்னு. கேக்குதா? சுவர்கிட்டப் பிடிக்கறேன்.”

கரகரப்பு. அதற்கு அடியில், கடலைத் தாண்டி, அவன் கையின் தாளம். பதினெட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த தாளம். ஐந்து குத்து, ஒரு சின்ன இடைவெளி, மை தொட. மறுபடி ஐந்து.

எட்டு ஐம்பத்தேழு.

“வெளியில வா,” என்றான். “எல்லாரையும் வெளியில கூட்டிட்டு வா. தண்ணியில குதிங்க. இப்பவே.”

“என்ன உளறறே? லூசியாவுக்கு நீச்சலே தெரியாது. படகு மத்தியானம்தான் வரும்.”

“எசெத்தா, ஏன் போனே? இன்னைக்கு முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணாம் தேதி அங்க காலே வைக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு ஏன் போனே?”

வாளியை வைக்கும் சத்தம். பிறகு அந்தச் சிரிப்பு. கண்ணில் மட்டும் இருக்கிற சிரிப்பு; ரேடியோவிலும் அவனுக்கு அது தெரிந்தது.

“அட மடையா, நான் சத்தியத்தை மீறுவேனா? அரசிதழ் கடைசிப் பக்கத்தைப் போதகர் எங்களுக்குப் படிச்சுக் காட்டினாரு. நீதானே தபால்ல அனுப்பினே, படிக்கலையா? பாறை யாருக்குன்னு சண்டை தீரலைன்னு, கோடு போடும்போது இதை அந்தப் பக்கமே விட்டுட்டாங்க. லௌமுவாவுக்குத்தான் நாள் போச்சு, பலாகிக்குப் போகலை. அதனாலதானே சுண்ணாம்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தோம், வழக்கம் தவறக்கூடாதுன்னு. இங்க காலண்டர்ல பழைய தாளை நானே இப்பத்தான் கிழிச்சேன், மாலாகி. இங்க இன்னைக்கு முப்பது.”